பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த வேகம்

நம் இணைய நிறுவனத்தின் விளம்பரத்தில் வரும் வீட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். அந்த வீட்டில் சுவர் இருக்காது. நீளமான சோபாவில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு திரை, எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அடுப்பங்கரை கிடையாது, இரும்பு பீரோ கிடையாது, பக்கத்து வீடும் கிடையாது. நான் பணியில் இருந்த காலம் முழுக்க திண்டுக்கல்லிலும் அதன் சுற்றுப்பட்டிலும் ஏறி இறங்கிய வீடுகளில் ஒன்றுகூட அப்படி இருந்ததில்லை. நீங்கள் எங்காவது பார்த்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்த வீட்டுக்காரருக்கு மாலை போட்டு வருகிறேன்.

இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பயிற்சியில் வைஃபை பெட்டியின் எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். புகாரை எத்தனை நேரத்துக்குள் மூட வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நம் தொழிலில் எல்லோரும் செய்கிற, யாரும் தப்பென்று நினைக்காத ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வேலை இதுதான். வைஃபை வேகம் இல்லை என்று புகார் வரும். நம் ஆள் போவார். நேராகப் பெட்டி இருக்கும் இடத்துக்குப் போய், அதற்கு ஒரு சாண் தள்ளி நின்று, தன் செல்போனில் வேகம் பார்ப்பார். முள் துள்ளிக்கொண்டு ஏறும். அதை வீட்டுக்காரரிடம் காட்டுவார், படம் எடுத்து மேலே அனுப்புவார், புகாரை மூடுவார். வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்வதில்லை என்பது நம் கணக்கில் வராது.

விளம்பரத்தில் போடுகிற வேகம் பொய் இல்லை. அது கண்ணாடி இழை வந்து பெட்டியில் சேருகிற வாயில் கிடைக்கிற வேகம். அங்கிருந்து காற்றில் இறங்கிய பிறகு அதற்கு நாதி இல்லை. சுவர் தின்னும், எவர்சில்வர் பாத்திரம் திருப்பி அடிக்கும், பழைய செல்போன் அதற்கு முடிந்த அளவுதான் வாங்கும். ஒரே சந்தில் இருபது வீடுகளில் இருபது பெட்டிகள் இருந்தால், அது அய்யலூர் ஆட்டுச் சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை கூவுகிற மாதிரி. ஒருவர் சொல்வதை இன்னொருவர் இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும். இதை விற்கிறவருக்கும் தெரியும், பொருத்துகிறவருக்கும் தெரியும். வாங்குகிறவரிடம் மட்டும் சொல்வதில்லை. கேட்டால், "பெட்டி வரைக்கும்தான் சார் நம்ம பொறுப்பு" என்பார்கள். சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் பந்தி பரிமாறியாயிற்று என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது, திண்டுக்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் காலையில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் கார்த்திகா. தாடிக்கொம்பு சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. மூன்று முறை புகார் கொடுத்திருக்கிறாள். மூன்று முறையும் எங்கள் ஆள் போய், 'பழுது எதுவும் இல்லை' என்று மூடியிருக்கிறார். அப்படி மூன்று முறை ஆனால், எங்கள் கணினி அந்த வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் தானாக ஒரு குறி போட்டுவிடும்: வழக்கமாகப் புகார் செய்பவர். அதன் பிறகு அவர் கூப்பிட்டால் வரிசையில் கடைசி. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்குச் சென்னையில் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி.

"சார், ஒங்க ஆளு வர்றப்பல்லாம் நல்லாத்தான் ஓடுது. அவரு போயி நாலு நாளு கழிச்சு படுத்துருது. அப்புறம் அதுவா எந்திரிக்குது. மறுபடியும் படுக்குது."

"செக் பண்ணித்தாம்மா மூடியிருக்காங்க," என்று எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ஆரம்பித்தார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நானும் இதே பொழப்புத்தான் பாக்குறேன். பெங்களூரு கம்பெனி ஒண்ணுக்கு, வீட்ல உக்காந்து, ஃபிரிட்ஜு ரிப்பேருன்னு கூப்பிடுறவங்க புகார எடுக்குறேன். பழுது இல்லைன்னு மூடிவிட்டா எங்களுக்கும் மார்க்கு விழும். அதுனால அந்தக் கதைய எங்கிட்ட விடாதீங்க."

பக்கத்து மேசைக்காரர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவள் நிலைமை இதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு பாதியில் அறுந்துபோகிறது என்று அவளுடைய நிறுவனம் எச்சரித்திருக்கிறது. இன்னொரு முறை அறுந்தால், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி ரத்து. பெங்களூருக்கு வந்து உட்கார வேண்டும். கணவர் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வேன் ஓட்டுகிறவர். குழந்தை இன்னும் பால்குடி மறக்கவில்லை. பெங்களூர் என்றால் வேலையை விடுவது என்று பொருள். செல்போன் இணைப்பை வைத்துச் சமாளிக்கலாமே என்றேன். அவள் நிறுவனத்தில் அதற்கு அனுமதி இல்லையாம்.

என்னுடைய சொந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "அடுத்து எப்ப நிக்குதோ, அந்த நிமிஷமே என்னைக் கூப்பிடும்மா. புகார் எண் போட வேண்டாம்."

எங்கள் மேலாளர் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். என் மகன் வயது. நல்ல ஆங்கிலம், நல்ல சட்டை. "சார், டிக்கெட் இல்லாம ஃபீல்டுக்குப் போகக் கூடாதுன்னு மத்தவங்களுக்கு கிளாஸ் எடுக்குறதே நீங்கதான்."

"ஆமாம். விதி தெரியாதவன் அதை மீறினால் கோளாறு. தெரிந்தவன் மீறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்."

"காரணத்தை மெயில்ல போடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து அவள் கூப்பிட்டாள். "நின்னுருச்சு சார். இன்னிக்கு என் சூப்பர்வைசர் கூடவே லைன்ல உக்காந்து கேக்கப் போறாங்க. இன்னும் செத்த நேரத்துல ஆரம்பிச்சுரும். இன்னிக்கு அறுந்தா அம்புட்டுத்தான்."

சகாயராஜை வண்டியை எடுக்கச் சொன்னேன். முன்பு மூன்று முறை போய் மூடியவர் அவர்தான். குற்றவாளியைச் சம்பவ இடத்துக்கு அழைத்துப் போவது மாதிரித் தன்னை அழைத்துப் போவதாக நினைத்திருப்பார்.

சந்து முழுக்க ஈரம். குழாயில் தண்ணீர் வந்து அப்போதுதான் நின்றிருந்தது. வாசலுக்கு வாசல் குடங்கள், சுருட்டிக்கொண்டிருந்த ஹோஸ் பைப்புகள், யார் வீட்டு மோட்டார் யார் வீட்டுத் தண்ணீரை உறிஞ்சியது என்ற வழக்கு. கார்த்திகாவின் வீடு ஒல்லியாக நீண்ட வீடு. முன்னால் அவள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறை, நடுவில் ஒரு நடை, பின்னால் அடுப்பங்கரை. பெட்டி அடுப்பங்கரையில், சமையல் மேடைக்குக் கீழ்த்தட்டில், கிரைண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஏன் அங்கே என்று கேட்காதீர்கள். இழை வருகிற கம்பம் பின் சந்தில் இருக்கிறது. பொருத்த வந்தவருக்குக் கிட்டத்தில் இருந்த சுவர் அடுப்பங்கரைச் சுவர். அதில் ஓட்டை போட்டார். ஒரு முழ இழைகூட மிச்சம் விடாமல் கச்சிதமாக வெட்டியிருந்தார். வேலை பார்க்கும் பெண் எங்கே உட்காருவாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாம் எந்த விதியிலும் எழுதவில்லை.

மாமியார் பஞ்சவர்ணம் அம்மா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சகாயராஜைப் பார்த்ததும், "ஏப்பா, நீதானே வரும்போதெல்லாம் போன்ல முள்ளு ஆடுறதக் காட்டிட்டுப் போறவன்? வா. இன்னிக்கும் காட்டு," என்றார்.

சகாயராஜ் பழக்க தோஷத்தில் நேராக அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். "சார், பாருங்க. ஃபுல்லா வருது."

"அந்தப் பொண்ணு அடுப்பு மேல உக்காந்தா வேலை பாக்குது? அதை எடுத்துக்கிட்டு இங்க வா."

அவர் செல்போனைப் பிடித்துக்கொண்டு முன் அறைக்கு வந்தார். முள் அப்படியே படுத்துவிட்டது. சகாயராஜ் பதறினார். "சார், போன தடவை இங்கயும் நின்னு பாத்தேன். மாதா மேல சத்தியமா. நல்லா வந்துச்சு."

"ஆமா சார், அன்னிக்கு வந்துச்சு," என்றாள் கார்த்திகா. காதில் மாட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சகாயராஜ் சொன்னதை நான் நம்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒரு ஆளைத் திட்டிவிட்டு மேலே போயிருக்கலாம். பெட்டி அதேதான், சுவர் அதேதான், மேசை அதேதான். அன்றைக்கு வந்தது இன்றைக்கு வரவில்லை என்றால், நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். எது என்று பார்ப்பதற்காக நடையில் திரும்ப நடந்தேன்.

"பாத்துப் போங்கய்யா, டிரம்முல இடிச்சுத் தண்ணியத் தளும்ப விட்றாதீங்க. அடுத்து எப்ப விடுவானோ, அதுவரைக்கும் இதுதான்," என்றார் பஞ்சவர்ணம் அம்மா.

நடையின் சுவரை ஒட்டி, அடுப்பங்கரை முனையிலிருந்து முன் அறை வரைக்கும், நீல பிளாஸ்டிக் டிரம்கள் வரிசையாக நின்றன. எல்லாம் விளிம்பு வரை நிறைந்திருந்தன. அவற்றின் மூடிகள் மேல் குடங்கள். குடங்களும் நிறைந்திருந்தன. பெட்டி கிரைண்டர் உயரத்தில் இருக்கிறது. அவளுடைய மேசையும் ஏறக்குறைய அதே உயரம். நடுவில் ஒரு தண்ணீர்ச் சுவர்.

"சகாயம், நீ வந்தப்பல்லாம் இந்த டிரம்மு எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "போன தடவை காலி சார். இந்தம்மா கவுத்துப்போட்டுக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. முட்டியில இடிச்சுக்கிட்டேன். அதுக்கு முன்னாடியும் பாதிக்குக் கீழதான் இருந்துச்சு."

விஷயம் அவ்வளவுதான். தண்ணீரை ஊடுருவிப் போக வைஃபைக்குச் சக்தி கிடையாது. தண்ணீர் அதைக் குடித்துவிடும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம்கள் நிறையும், இணைப்பு படுக்கும். அவள் புகார் கொடுப்பாள். நம் வரிசை நகர்ந்து நம் ஆள் போய்ச் சேர்வதற்குள் இந்த வீட்டில் துவைத்து, குளித்து, சமைத்து, டிரம்கள் வற்றியிருக்கும். இணைப்பு எழுந்துவிடும். நம் ஆள் முள்ளைக் காட்டிவிட்டு வருவார். தண்ணீருக்கு ஏங்கிப் பிடித்து வைக்கிற ஊரில் இருந்துகொண்டு, அந்த ஊரின் வீட்டுக்குள் தண்ணீர் எங்கே இருக்கும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளைப் பொய்ப் புகார்க்காரி என்று குறி போடத் தோன்றியது.

"ரெண்டு டிரம்ம மட்டும் வெளிய சாச்சு விட்டா…" என்று சகாயராஜ் இழுத்தார்.

"ஏலே! கைய வச்சுப் பாரு. நடக்குறதே வேற." பஞ்சவர்ணம் அம்மா பேரனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நேத்துலேருந்து கண்ணு முழிச்சுப் புடிச்ச தண்ணி. ஒங்க காத்து வேகமாப் போகணும்னு அதக் கீழ ஊத்தணுமாக்கும்?"

"வேண்டாம்மா. தண்ணி இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. எங்க பெட்டிதான் தப்பான இடத்துல இருக்கு."

பெட்டியை இடம் மாற்றலாம். ஆனால் இழை நீளாது. ஒட்டுப் போடும் கருவி அன்றைக்கு நத்தம் பக்கம் போயிருந்தது. அதோடு, இடமாற்றத்துக்கு வாடிக்கையாளர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அது அனுமதியாகி வர வேண்டும். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்; அது நல்ல விதி. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் நின்றவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியிலிருந்து அவளுடைய கணினிக்கு நேராக ஒரு ஒயர் இழுத்தால் போதும். காற்றே வேண்டாம். கம்பெனி கொடுத்த பழைய கனத்த மடிக்கணினி. அதில் ஒயர் செருகும் வாய் இருந்தது. சகாயராஜின் பையில் ஒயர் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குள் நம் ஆள் ஒயர் இழுக்கக் கூடாது. நாளைக்கு அதில் யாராவது தடுக்கி விழுந்தால் நம் தலையில் விடியும் என்பதற்காகப் போட்ட விதி. மேலாளரைக் கூப்பிட்டேன். ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"சார், அது நம்ம ஸ்கோப் இல்ல. கஸ்டமர் சைடு இஷ்யூன்னு போட்டு க்ளோஸ் பண்ணிட்டு வாங்க."

"கஸ்டமர் பக்கத்துக் கோளாறு என்றால், அவர்கள் தண்ணீர் பிடித்தது கோளாறா?"

"சார், ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு சார்…"

"அதற்காகத்தான். உங்களுக்கு இனிமேல் என்னை என்ன செய்ய முடியும் என்று நிதானமாக யோசியுங்கள். யோசித்து முடிப்பதற்குள் ஒயரை இழுத்துவிடுகிறேன்."

சகாயராஜ் தயங்கினார். எனக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவருக்கு இன்னும் பாதி வாழ்க்கை அந்த நிறுவனத்தில். "உன் பேரை எங்கயும் எழுதாதே. இழுக்கச் சொன்னது நான், இழுத்ததும் நான்," என்றேன். பரணை ஒட்டி, ஆணிகளில் மாட்டி, டிரம்களுக்கு மேலாக ஒயரைக் கொண்டு வந்தோம். நான் முக்காலியில் ஏறி நின்றேன். பஞ்சவர்ணம் அம்மா கீழேயிருந்து, "கால் தவறுனா டிரம்முக்குள்ளதான் விழுவீங்க, குளிச்சிட்டு ஏறுங்க," என்றார். கடைசி முனையைக் கணினியில் செருகியபோது கார்த்திகா ஏற்கெனவே கருவியைக் காதில் மாட்டியிருந்தாள்.

அழைப்பு வந்தது. நாங்கள் நடையில் மூச்சுக் காட்டாமல் நின்றோம். குழந்தை சிணுங்கியது, பாட்டி அவனைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். எதிர்முனையில் யாரோ ஒருவர், ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது, மெக்கானிக் வந்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான் என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. அவள் குரல் நடுங்கவில்லை. "சார், சத்தம் எந்த நேரத்துல வருது? அந்த நேரத்துக்கு ஆள் வர்ற மாதிரி போடுறேன்," என்றாள். அந்த மனிதர் கத்துவதை நிறுத்தினார். நெடுநேரம் பேசினார்கள். அறுபடவில்லை.

முடிந்ததும் அவள் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டாள். வேலை அப்படித்தான். வெளியே வந்தபோது பஞ்சவர்ணம் அம்மா சகாயராஜிடம், "இன்னிக்குத்தான்யா வேல பாத்திருக்க," என்றார்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அலுவலகம் வந்து புகாரைக் கணினியில் பதிந்து, காரணம் எழுதப் போனேன். காரணத்தை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. கொடுத்திருப்பவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இழை பழுது. பெட்டி பழுது. வாடிக்கையாளர் கருவி பழுது. பழுது இல்லை. 'நாங்கள் தப்பான இடத்தில் வைத்தோம்' என்று ஒன்று இல்லை. இல்லாததால் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. புகாரைத் திறந்தே வைத்தேன். மேலாளர் தினமும் வந்து கேட்டார். மாவட்டத்தின் மதிப்பெண் குறைகிறதாம். உண்மையை எழுத ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள், அன்றைக்கே மூடுகிறேன் என்றேன். சென்னைக்கு எழுதினேன். ஆலோசனைக்கு நன்றி என்று பதில் வந்தது. விதியை மீறி ஒயர் இழுத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணையும் வந்தது. அந்தக் கடிதம் எத்தனை வேகமாக வந்து சேர்ந்தது என்று பார்த்தபோது, நம் நிறுவனத்தில் ஒன்று மட்டும் விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் ஓடுகிறது என்று புரிந்தது.

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள். மறுநாள் காலையில் அந்தப் புகாரை மூடினார்கள். 'பழுது இல்லை.'

ஆகையால் நீங்கள் அடுத்த முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது பெட்டியிடம் போகாதீர்கள். புகார் கொடுத்தவர் எங்கே உட்காருகிறாரோ அங்கே போய் உட்காருங்கள். நாற்காலி உடைந்திருந்தாலும் அதிலேயே உட்காருங்கள். உங்களுக்குத் தோதான நேரத்தில் போகாமல், அவருக்கு நிற்கிற நேரத்தில் போங்கள். அவர் சொல்வதும் நீங்கள் பார்ப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால், பொய் சொல்வது யார் என்று தேடாதீர்கள். நடுவில் மாறியது எது என்று தேடுங்கள். இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

போன மாதம் கார்த்திகா கூப்பிட்டாள். வேலை தொடர்கிறது, இப்போது அவளுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களாம். அதைச் சொல்வதற்காக அவள் கூப்பிடவில்லை.

"சார், ஒங்க ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. வீட்டுக்குள்ள அனுமதி இல்லாத ஒயர் ஓடுதாம், ஆள் அனுப்பி எடுக்கப் போறாங்களாம். எப்ப வரட்டும்னு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்னே?"

"தண்ணி வர்ற அன்னிக்கு வாங்க, ஒயரக் கழட்டிட்டு என் சீட்ல உக்காந்து நீங்களே ஒரு கால் பேசிட்டுப் போங்கன்னு சொன்னேன். பாத்துட்டுச் சொல்றோம்னு வச்சுட்டாங்க."

அதன் பிறகு குழாயில் பல முறை தண்ணீர் வந்துவிட்டது. ஆள் வரவில்லை.